ராஜாங்கத்தின் உப்பளத்தில் காலம் நின்றது

மரக்காணத்து உப்பள முதலாளிகளில் ராஜாங்கத்தைப் போல் அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தவன் ஒருத்தனும் கிடையாது. பொடியனாகப் பிறத்தியான் பாத்தியில் உப்பு வாரியவன், நாற்பது வயதில் சொந்தமாக அளம் பிடித்தான். மற்றதுகள் எல்லாம் அப்பன் தேடி வைத்ததை உட்கார்ந்து நக்கியதுகள்.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்துக்கு முன்பு அந்த வருஷத்து உப்பைக் குவித்து, அம்பாரத்தைப் பனையோலையால் மூடிய பிறகு, முதலாளி தன் ஆட்களை டூரிங் கொட்டகைக்குக் கூட்டிப்போவார். அந்த வருஷம் பக்கத்து அளத்துக் கலியபெருமாள் எங்கே முந்திக்கொள்வானோ என்று, ஓலை போடும் முன்பே ராஜாங்கம் எல்லோரையும் வண்டியில் ஏற்றிவிட்டான்.

படமா அது! வேலைவெட்டி இல்லாத ஒருத்தன் விரலைச் சொடுக்கினால் உலகமே அப்படியே நின்றுவிடுமாம். அவன் மட்டும் காதலியைச் சுற்றிச் சுற்றி வருவானாம். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. "சூரியன் நின்னுட்டா உப்பை எவன்டா காய வெப்பான்?" என்று காறித் துப்பிவிட்டு, ராஜாங்கம் பாதியிலேயே எழுந்து போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் கடல் பக்கம் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷத்து உழைப்பு மூடாமல் கிடந்தது. ராஜாங்கம் போட்ட சத்தத்தில் பெண்கள் தலையில் ஓலைக்கட்டோடு ஓடி வந்தார்கள். அந்நேரம் பார்த்து, உப்பு வாரும் சுப்ராயன் என்கிற வீணாப்போனவன் விரலைச் சொடுக்கினான்.

அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். ராஜாங்கத்தின் பெண்டாட்டி பாப்பாத்தியும் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"இன்னாடி கூத்து இது? மழ வருதுடி!"

ஒருத்தியும் அசையவில்லை.

"டேய் சுப்ராயா, ஓட்டுடா உன் காலத்த!"

"என்னால ஆகாதுங்க மொதலாளி. படத்துல அந்த ஆளு உள்ளங்கையில முத்தம் வெச்சு ஊதுவான், அப்பதான் ஓடும். நீங்கதான் பாதியில போயிட்டீங்களே. ஊதுறதுக்கு எனக்கு ஏது பொண்ணு? உங்க சம்சாரம் அதோ நிக்கிறாங்க."

"தூ! இருவது வருசமா சோறு போடறேன். அது பத்தாதா?"

"பத்தாது" என்றாள் பாப்பாத்தி, உதடு அசையாமல்.

முதல் தூறல் உப்பில் விழுந்து குழி பறித்தது. பக்கத்து வரப்பில் கலியபெருமாள் இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தான். ராஜாங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, மாட்டுக்கு வைக்கோல் எறிவது போல் ஒரு முத்தத்தை எறிந்தான்.

"ஊதவே இல்லியே?" என்றாள் பாப்பாத்தி.

ஊதித் தொலைத்தான்.

பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். ராஜாங்கம் தானே அம்பாரத்தின் மேல் ஏறி, படம் எடுத்தவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு ஓலை பரப்பினான். ஓரத்தில் கொஞ்சம் கரைந்தது, மிச்சம் தப்பியது. கீழேயிருந்து பாப்பாத்தி நீட்டிய ஓலைகளை மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கினான்.