பூசாத கண்ணாடி

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. புக்கிட் பெருந்துங்கில் எங்கள் வீடு. தினமும் ரவாங் வந்து ரயில் பிடித்து, கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

காந்தப்புலத்தில் வைத்தால் லேசாகச் சூடாகி, புலத்தை நீக்கினால் குளிர்கிற உலோகக் கலவைகள் சில உண்டு. அப்படி ஒன்றைக் கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய படலமாகப் பூசி, எவ்வளவு சூடாகிறது என்று அளப்பதுதான் என் வேலை. படலத்தில் பிறக்கும் துளிச் சூட்டையும் கண்ணாடியே குடித்துவிடும். ஏழு மாதமாகக் கணினித் திரையில் வெப்பத்தைக் காட்டும் கோடு அசையவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை அசைந்தது. காந்தத்தை இயக்கினால் கோடு மேலே துள்ளியது, நிறுத்தினால் கீழே. எனக்குத் தலைகால் புரியவில்லை. பேராசிரியரிடம் ஓடினேன். அடுத்த வாரக் கருத்தரங்கில் பேச என் பெயரைக் கொடுத்துவிட்டார். வீட்டில் அம்மா கேசரி கிண்டினார்.

மறுநாள் கேசரி டப்பாவோடு ரயில் ஏறினேன். தினமும் என் பக்கத்தில் உட்காரும் தோழி, கெர்லிங் என்ற ஊருக்குப் பக்கத்தில் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண். வழியில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவளுக்கு. என் கதையைக் கேட்டுவிட்டு, வாய் நிறையக் கேசரியோடு சொன்னாள்.

"எங்க ஃபேக்டரில மொத வேலையே வெறும் தட்ட தராசுல வச்சி பாக்குறதுதான். வெறும் தட்டே எடை காட்டுச்சின்னா அன்னிக்கி எல்லாமே தப்புலா. நீ ஒன்னும் பூசாத கண்ணாடிய வச்சி பாத்தியா?"

"அது வேற, இது வேற" என்று பெரிய படிப்பாளியைப் போலச் சொல்லி வைத்தேன். ஆனாலும் ஆய்வகம் போனதும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன்.

பூசாத கண்ணாடியிலும் கோடு அதே உயரத்துக்குத் துள்ளியது.

வெப்பம் அளக்கும் கம்பிகளை அந்த வாரம் மாற்றி ஒட்டியபோது நான் அகலமாக வளைத்துவிட்டிருந்தேன். காந்தப்புலம் மாறும்போதெல்லாம் அந்த வளையத்தில் எழுந்த சிறு மின்னழுத்தம் சூடு போல வேஷம் போட்டிருக்கிறது. அழுதுவிட்டேன். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன், பொய் சொல்வானேன். பிறகு பேராசிரியரின் கதவைத் தட்டினேன். "பேர எடுத்துடலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வளையமே இல்லாதபடி கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு மாதம் கழித்து, பூசாத கண்ணாடிக்குக் கோடு அசையாமல் கிடக்க, படலத்துக்கு மட்டும் ஒரு மயிரிழை ஏறியது.

ரயிலில் சொன்னதும் தோழி கையை நீட்டினாள். "கேசரி எங்க?"

"அன்னிக்கே தின்னுட்டியேடி!"

"அது பொய்க் கேசரிலா. நெஜக் கேசரி வேணும்."

கொண்டுபோனேன். டப்பாவை வழித்துத் தின்றாள்.

அவள் கல்யாணமாகி ஜொகூர் போய்விட்டாள். நானும் இப்போது காரில்தான் வேலைக்குப் போகிறேன். மனம் துள்ளும்படி எது நடந்தாலும் இன்றும் முதலில் பூசாத கண்ணாடியைத்தான் தேடுகிறேன். தேடிப் பார்த்து, நிஜம்தான் என்று தெரிந்த பிறகு கேசரி கேட்கத்தான் பக்கத்தில் அவள் இல்லை.