மேசையின் அந்தப் பக்கம்

2008 முதல் ஒரு நாள் விடாமல் நாள்குறிப்பு எழுதுகிறேன். 2011 ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. அந்த வெற்றுப் பக்கத்தை முருகன் எப்படி நிரப்பினான் என்பதை அடியார்களாகிய உங்களிடம் சொல்ல வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவன் நான். ஒரகடத்தில், ஏற்றுமதிக்கு மரப்பெட்டி செய்யும் பட்டறையில் வேலை. இரும்பு உருளைகள் பெட்டிக்குள் உருளாமல் உட்கார, நீளக் கட்டைகளில் குழிவு வெட்டுவோம். ரம்ப மேசையில் ஒரு சட்டத்தைச் சாய்வாக வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, அதை ஒட்டியே கட்டையைப் பிளேடின் மேல் தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் கைச்சக்கரத்தைக் கால் சுற்று சுற்றிப் பிளேடை உயர்த்துவோம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குழியும். நான் தள்ளுவேன், எதிரே தனபால் அண்ணன் வாங்குவார். கிளாம்ப் இறுக்குவதும் அவர்தான்.

அன்று ஷிப்ட் முடியும் அவசரத்தில் முழுச் சுற்று சுற்றிவிட்டேன். கட்டை எகிறிப் பின்னால் வந்தது. பிடித்திருந்த அண்ணனின் கையையும் பிளேடின் மேல் இழுத்தது. இடது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின.

சூப்பர்வைசர் கேட்டபோது, "கிளாம்ப் நழுவிட்டு சார்" என்றேன். பழி அண்ணன் மேல் விழுந்தது. காயம் ஆறிய பிறகும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

அதன்பின் எனக்கு எதிரே நிற்க யாரும் வரவில்லை. "அந்த மேசையா? வேணாம்பா, எனக்குப் பத்து வெரலும் வோணும்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். குட்டைக் கட்டைகளைத் தனியாக வெட்டினேன். காதில் பஞ்சு, எதிரே சுவர். நான் தங்கியிருந்த இருங்காட்டுக்கோட்டை அறையில் உடனிருந்த இருவரும் ஊரோடு போய்விட்டார்கள். சில நாட்களில் "ஒரு டீ" என்பதற்கு மேல் நான் பேசியதில்லை.

வாராவாரம் வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போனேன். "முருகா, எதிரே நிற்க ஒரு ஆள் கொடு." அதை மட்டும் கேட்டேன். வேறெதையும் கேட்கப் பயம்.

ஆவணியில் ஒரு செவ்வாய். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள், "பேரு, நட்சத்திரம்?" என்றார். என் பெயரைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். "தனபால்" என்று வந்தது.

"நட்சத்திரம்?"

தெரியவில்லை. மூன்று வருடம் எதிரெதிரே நின்றிருக்கிறோம். எந்தக் கட்டையை எத்தனை தடவை தள்ளினோம் என்பதுகூட என் குறிப்பில் இருக்கிறது. இது இல்லை.

"சரி, சுவாமி பேருக்கே பண்ணிடறேன்." அவர் உள்ளே போய்விட்டார். நான் நின்ற இடத்திலேயே அழுதேன்.

திருநீற்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு நேரே அவர் ஊருக்கு பஸ் ஏறினேன்.

"வா வாத்தியாரே! இன்னா, நோட்டு எடுத்தாரலையா?" என்றார் அண்ணன். எப்போதும் எழுதுவதால் எனக்கு அவர் வைத்த பெயர் அது.

"உங்க நட்சத்திரம் கேக்க வந்தேன்ணே."

"பூரட்டாதி" என்றார் அவர் மனைவி. "ரெண்டு மாசம் கழிச்சு இத்தக் கேக்கத்தான் வந்தியா?"

"இல்ல மதினி. கிளாம்ப் நழுவல. நான்தான் முழுச் சுத்து சுத்திட்டேன்."

அண்ணன் தன் விரல்களையே பார்த்தார். "நான் இறுக்குன கிளாம்ப் எனக்குத் தெரியாதா? நீயா வர்றியான்னுதான் பாத்துக்கினு இருந்தேன். என்னாண்ட சொன்னா ஆச்சா? சூப்பர்வைசராண்ட போய்ச் சொல்லு."

மறுநாள் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். போகவில்லை. மூன்று மாதம் ரம்பத்தைத் தொடவிடாமல் ஆணி அடிக்க வைத்தார்கள். அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

மார்கழியில் நான் மேசைக்குத் திரும்பிய அன்று எதிரே யாருமில்லை. அண்ணன் தன் வேலையை விட்டு நடந்து வந்தார். கிளாம்பை இறுக்கினார்.

"சக்கரத்தச் சுத்தும்போது வாய்விட்டுச் சொல்லு வாத்தியாரே. என் காதுல உழணும்."

"கால் சுத்து" என்றேன்.

"தள்ளு" என்றார்.

மதிய உணவு வேளையில் அந்த வெற்றுப் பக்கத்தில் எழுதினேன்: 'முழுச் சுற்று. என் கை.'

இது 2015. இன்றும் ஒவ்வொரு கால் சுற்றையும் உரக்கச் சொல்லித்தான் சுற்றுகிறேன். அர்ச்சனைக்குப் பூரட்டாதியும் சொல்கிறேன். தனியாகத் தவிக்கும் அடியார் எவரேனும் இதைப் படித்தால், வல்லக்கோட்டைக்கு வாருங்கள். ஆளை அனுப்பு என்று கேட்காதீர்கள். நீங்கள் போக வேண்டிய வீட்டுக்குப் போகும் தைரியத்தைக் கேளுங்கள். கொடுப்பான்.