சாட்சி கீழே வண்டியில் இருந்தார்

வக்கீல் நோட்டீஸில் ஹம்சாவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. முதலில் ஆம்புலன்ஸ் கம்பெனி, அடுத்து அதன் நிர்வாக இயக்குநர், பிறகு 'திருமதி ஹம்சா, அவசர மருத்துவ டெக்னீஷியன்', கடைசியில் டிரைவர் சாய்கிருஷ்ணா. நான்கு பக்கங்களை இரண்டு முறை படித்தும் அவளுக்கு விளங்கியது ஒன்றுதான். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், செகந்திராபாத்தை அடுத்த மல்காஜ்கிரியில் ஒரு வீட்டில், சொல்ல வேண்டிய ஒன்றை அவள் சொல்லவில்லை என்கிறார்கள். சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கணவன் தியாகு நோட்டீஸை வாங்கிப் பார்த்தான். "பேருக்கு முன்னால திருமதின்னு போட்டிருக்காங்க. மரியாதையான ஆளுங்கதான்" என்றான். அவள் சிரிக்கவில்லை என்றதும் நோட்டீஸை மடித்து பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

ஹம்சா பிறந்ததும் மல்காஜ்கிரியில்தான். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்துக்குத் துணி தைக்க வந்து, செகந்திராபாத்திலேயே தங்கிவிட்ட குடும்பம். அப்பாவுக்கு ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை. பி.எஸ்ஸி. முடித்தவளை டீச்சராகப் போகச் சொன்னார். முப்பது வருஷம் ஒரே கரும்பலகை முன்னால் நிற்க முடியாது என்று அவசர மருத்துவப் படிப்பில் சேர்ந்தாள். வேலைக்கு வந்து எட்டு வருஷமாகிறது. மெட்டுகுடா சிக்னலில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது ஒரு பிரசவம் பார்த்திருக்கிறாள். கொண்டாப்பூரில் எந்த அபார்ட்மெண்ட் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையும், எதில் நுழையாது என்று அவளைக் கேட்டால் போதும். யார் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்கள் என்பதுகூட மறக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் மறக்கவில்லை. இரண்டாவது மாடி. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெங்கடகிருஷ்ணன், நீலக்கோடு போட்ட பனியனில் சோபாவில் சாய்ந்திருந்தார். நெஞ்செரிச்சல். அவர் மனைவி மங்களம்தான் போன் செய்திருந்தாள். ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "நேத்து கல்யாணத்துல தின்ன வடை பண்ற வேலை. ஆஸ்பத்திரியெல்லாம் வேண்டாம்" என்று அவர் கையை ஆட்டிவிட்டார்.

நோயாளி வர மறுத்தால் அதற்கென்று ஒரு ஃபாரம் உண்டு. ஒரு ஈசிஜி சரியாக இருப்பதால் மட்டும் இதயம் சரியாக இருக்கிறது என்று ஆகாது, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், வராவிட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி, அப்படிச் சொன்னதை எழுதி, ஒரு சாட்சியின் முன்னால் கையெழுத்து வாங்க வேண்டும். விதி அது. நடப்பு வேறு. முதலில் கையெழுத்து, எழுதுவதெல்லாம் பிறகு வண்டியில். சாட்சி இடத்தில் எப்போதும் டிரைவரின் கையெழுத்து. அவர் மாடிக்கு வந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. மல்காஜ்கிரிச் சந்துகளில் டிரைவர் வண்டியை விட்டு மாடிக்கு வந்தால், திரும்பிப் போவதற்குள் இரண்டு ஆட்டோக்காரர்களும் ஒரு தண்ணீர் லாரியும் கூடி நின்று ஹாரன் அடிப்பார்கள்.

அன்றைக்குக் கையெழுத்து வாங்கும்போதே கட்டுப்பாட்டு அறையிலிருந்து அடுத்த அழைப்பு வந்துவிட்டது. நாச்சாரத்தில் ஒரு பட்டறையில் ஒருவரின் கை மெஷினில் சிக்கிக்கொண்டிருந்தது. ஓடினார்கள். 'அபாயங்கள் தமிழில் விளக்கப்பட்டன' என்று அவள் எழுதியது லாலாப்பேட்டை மேம்பாலத்தில். சாய்கிருஷ்ணா சாட்சிக் கையெழுத்துப் போட்டது தார்நாகா சிக்னலில்.

சாயங்காலம் நாலு மணிக்கு வெங்கடகிருஷ்ணன் குளியலறை வாசலில் விழுந்தார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஒழுங்காக வேலை செய்கிறது என்றார்கள். மகன் வினய் கொண்டாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். நோட்டீஸ் அனுப்பியது அவன்.

கம்பெனி வக்கீல் ரஷ்மி நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். மேஜை மேல் ஃபாரத்தின் நகல் இருந்தது.

"வேலை நேரத்துல ஸ்டாஃப் பண்ற தப்புக்கு கம்பெனிதான் பொறுப்பு. அதனால பயப்படாதீங்க."

"சரி மேடம்."

"ஆனா விதியை மீறிப் பண்ணியிருந்தா, 'நாங்க அப்படிச் செய்யச் சொல்லலையே'ன்னு கம்பெனி விலகிக்கலாம். இந்த ஃபாரம் உண்மைதானே? நீங்க விளக்கினீங்க, டிரைவர் பார்த்தார். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு அஃபிடவிட் குடுத்தா போதும். வெள்ளிக்கிழமை."

ஹம்சா நகலிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "மேடம், நீங்க எனக்கு வக்கீலா, கம்பெனிக்கு வக்கீலா?"

"கம்பெனிக்கு" என்றாள் ரஷ்மி. "ரெண்டும் ஒரே பக்கம் இருக்கற வரைக்கும் உங்களுக்கும்." பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "அந்த வீட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்றாள்.

மூன்று நாள் ஹம்சா அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பனியன் தெரிந்தது. டிவியில் ஓடிய கிரிக்கெட் தெரிந்தது. சமையலறையில் குக்கர் விசில் கேட்டது. அவள் வாய் மட்டும் தெரியவில்லை. வாரத்துக்குப் பத்துப் பேரிடம் சொல்கிற வாசகம் அது. எந்த வீட்டில் சொன்னது எந்த வீட்டோடு சேர்ந்தது என்று பிரிக்க முடியவில்லை. அன்று அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். அவளுக்குத் தெரியாதது மற்ற இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கலாம். சத்தியம் செய்து எழுதித் தருவதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. தப்பு என்றும் தோன்றியது. புதன்கிழமை போனாள்.

கதவைத் திறந்த மங்களம் உள்ளே விடவில்லை. "நீயா? எந்த மூஞ்சியை வெச்சுண்டு வந்தே?"

"ஒண்ணு தெரிஞ்சுக்கணும் மாமி. வக்கீல் போகக்கூடாதுன்னுதான் சொன்னாங்க."

"எங்க வினயும் யாரோடயும் பேசப்படாதுன்னுதான் சொல்லியிருக்கான்."

"யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நோட்டீஸ் அனுப்பினோமே, அந்தப் பொண்ணு."

"உள்ள வரச் சொல்லு. திட்டறதை உக்கார வெச்சுத் திட்டு."

வெங்கடகிருஷ்ணன் பாதியாக இளைத்திருந்தார். ஹம்சா சுற்றி வளைக்காமல் கேட்டாள். "மாமா, உயிருக்கு ஆபத்துன்னு நான் அன்னிக்குச் சொன்னேனா?"

"என்னமோ சொன்னே. நீளமாச் சொன்னே. நான் மேட்ச் பார்த்துண்டிருந்தேன்." அவர் கண்ணை மூடி யோசித்தார். "உயிர்னு ஒரு வார்த்தை காதுல விழுந்த மாதிரிதான் இருக்கு. நீ சொன்னதா, அப்பறம் ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னதான்னு கேட்டா..."

"சொல்லலை" என்றாள் மங்களம். "சொல்லவே இல்லை."

"நீ அடுப்பை அணைக்க உள்ள போயிருந்தேடி."

"போனா? காதைக் கழட்டி அடுப்புல வெச்சிருந்தேனா? அவ சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா? இழுத்துண்டு போயிருக்க மாட்டேன்?" அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கோ, இழுத்துண்டு போயிருக்க மாட்டேன்?"

வெங்கடகிருஷ்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். ஹம்சா சொன்னாள் என்று ஆனால், மங்களம் அதைக் கேட்டும் சும்மா இருந்தாள் என்று ஆகிவிடும். இதை ஹம்சா யோசித்திருக்கவே இல்லை. தனக்கு மட்டும்தான் இந்தக் கேள்வி என்று நினைத்து மாடி ஏறியிருந்தாள்.

"நீயே சொல்லு. சொன்னியா?" என்றாள் மங்களம்.

"தெரியலை மாமி."

"தெரியாமலா எழுதிக் கையெழுத்து வாங்கினே?"

"கையெழுத்தைத்தான் முதல்ல வாங்கினேன். எழுதினது அப்பறம்."

வெங்கடகிருஷ்ணன் மெல்லச் சொன்னார். "இதை நீ எங்ககிட்ட சொல்லியிருக்கப்படாதும்மா." மங்களம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷப்படுவதா, இன்னும் கோபப்படுவதா என்று அவளுக்கும் தெரியவில்லை போலிருந்தது.

மறுநாள் வண்டியில் ஹம்சா எல்லாவற்றையும் சாய்கிருஷ்ணாவிடம் சொன்னாள். அவன் தெலுங்குக்காரன். எட்டு வருஷம் அவளோடு ஒரே வண்டியில் ஓடித் தமிழ் கற்றுக்கொண்டவன். ஸ்டியரிங்கை ஓங்கி அடித்து, ஹைதராபாத் உருது கலந்து கத்தினான்.

"கைக்கு, ஏன் போனே அக்கா? வக்கீலம்மா வேணாம் சொல்லிச்சு இல்லே?"

"ஹவ், ஆமா, சொல்லிச்சு."

"இப்போ நீ நிஜம் எழுதினா, நான் போட்ட கையெழுத்து எல்லாம் பொய். இது ஒண்ணு மட்டும் இல்லே. எட்டு வருஷத்து ஃபாரம்!"

"உன்னைப் பத்தி நான் எழுத மாட்டேன். என்னைப் பத்தி மட்டும்தான்."

"ரூம்ல யார் இருந்தாங்கன்னு எழுதினா, யார் இல்லேன்னு தெரியாதா? நக்கோ அக்கா, வேணாம். ரெண்டு பிள்ளைங்க இருக்கு எனக்கு."

அன்று முழுக்க அழைப்புக்குத் தேவையான பேச்சு மட்டும்தான் இருவருக்கும் இடையில் நடந்தது.

வெள்ளிக்கிழமை ரஷ்மி அவள் எழுதிக் கொடுத்ததை வாய்விட்டே படித்தாள். "'வழக்கமாகச் சொல்வேன். அன்று சொன்னதாக நினைவில்லை. சொல்லவில்லை என்றும் நினைவில்லை. ஃபாரத்தைக் கையெழுத்துக்குப் பிறகு வண்டியில் நிரப்பினேன். அறையில் நோயாளியும் அவர் மனைவியும் நானும் இருந்தோம்.' இது என்னங்க பதில்?"

"இவ்வளவுதான் மேடம் தெரியும்."

"இது உங்களைக் காப்பாத்தாது. கம்பெனியையும் காப்பாத்தாது."

"அவங்களுக்காவது உபயோகப்படுமா?"

ரஷ்மி தாளைக் கீழே வைத்தாள். "அதுவும் சந்தேகம்தான். சொல்லலைன்னு நீங்க ஒத்துக்கலையே."

கதவைத் தள்ளிக்கொண்டு சாய்கிருஷ்ணா வந்தான். ஹம்சா பக்கம் திரும்பாமல் தன் தாளை மேஜையில் வைத்தான். தெலுங்கில் ஒரே வரி. அந்த நேரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"தெரு சின்னது மேடம்" என்றான். "திருப்பாம வெளிய வர முடியாது. வந்து பாருங்க, காட்டறேன்."

ரஷ்மி இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். இனிமேல் அவர்கள் இருவரும் தனியாக வக்கீல் பார்த்துக்கொள்வது நல்லது என்றாள்.

"அப்போ யார் பொறுப்பு மேடம்?" என்று ஹம்சா கேட்டாள். கோபமாக இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அதை நுகர்வோர் ஆணையம் சொல்லும். ரெண்டு வருஷம் ஆகலாம்."

"அது வரைக்கும்?"

"சஸ்பெண்ட் ஆர்டர் வர்ற வரைக்கும் டூட்டிதான்."

படி இறங்கும்போது சாய்கிருஷ்ணா முன்னால் போனான். வண்டிக் கதவைத் திறந்துகொண்டே முதல்முறையாக அவளைப் பார்த்தான். "இனிமே நானும் மாடி ஏறணுமா?"

"சாட்சின்னா ஏறணும்."

"அப்போ தெருவில வண்டியை யார் பாத்துப்பாங்க?"

"தெரியலை சாய்."

போன் அடித்தது. மௌலாலியில் ஒரு சந்து, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அவன் சைரனைப் போட்டான்.