என் முதுகில் இருந்த ராஜசுழி

என் அப்பா மாட்டுத் தரகர். விராலிமலைப் பக்கம் எந்தச் சந்தையானாலும், காளையின் உடம்பில் ரோமம் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்தே அது குடும்பத்தை வாழவைக்குமா, கவிழ்க்குமா என்று சொல்லிவிடுவார். பெற்ற மகளையும் அதே கண்ணால்தான் பார்த்தார். நான் பிறந்தபோதே முதுகெலும்பு முடியும் இடத்தில் எலுமிச்சங்காய் அளவு கட்டி, அதன்மேல் சுழித்த ஒரு கொத்து முடி. அம்மா அழுதாளாம். அப்பாவோ, "ராச சுழிடி!" என்று சந்தோஷத்தில் குதித்தாராம்.

அன்றிலிருந்து அவர் சந்தைக்குக் கிளம்பினால் நான்தான் சகுனம். அதுவும் முதுகைக் காட்டியபடி, பின்பக்கமாக நடந்து எதிரே வரவேண்டும். டீச்சர் வேலை கிடைத்த பிறகும் இந்தக் கூத்து நிற்கவில்லை. ஒருநாள் குடத்தில் இடறி மல்லாக்க விழுந்தேன். அன்றைக்கு வியாபாரம் பிரமாதம் என்று வந்து சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

1960-களின் தொடக்கத்தில், எனக்கு முப்பது வயதானபோது, கட்டி கல்லாக இறுகி, மளமளவென்று வளர்ந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் இடது கால் மரத்து, செருப்பு கழன்றுபோனதுகூடத் தெரியாமல் நடந்திருக்கிறேன். திருச்சி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "பொறக்கும்போதே முதுகெலும்பு சரியா மூடலைங்க. அதுல வந்த கட்டி. இதுக்குள்ள புத்துநோய் வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா வந்திருக்குமோன்னு பயமா இருக்கு. உடனே எடுத்துரணும்."

"அது ராச சுழிங்க டாக்டர்" என்றார் அப்பா.

"மாட்டுக்கு இருக்கட்டுங்க. பொண்ணுக்கு வேணாம்."

பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. வராண்டாவில் வெகுநேரம் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றார். முப்பது வருஷத் தொழிலும் அந்தச் சுழியால்தான் என்று நம்பியவர். முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று நான் நடுங்கினேன். கடைசியில் உள்ளே வந்து, "எடுத்துருங்க. சுழி எங்கிட்டாச்சும் போகட்டும். இவ இங்கிட்டு இருந்தாப் போதும்" என்றார்.

எடுத்தார்கள். உள்ளே புற்றுதான், நல்லவேளை, வெளியே பரவவில்லை. கால் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான்.

வீடு திரும்பிய பிறகு வந்த முதல் சந்தை நாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பழக்கதோஷத்தில் நான் முதுகைக் காட்டி நின்றேன்.

"இங்கிட்டுத் திரும்பு தாயி" என்றார். "ஒன் மொகத்தப் பாத்துட்டுப் போறேன்."