கீலுக்கு முன்னால் பிள்ளையார்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும். பஸ் நம்பரும் எடைக்கல்லும் கற்றுக்கொடுத்தவை. நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள்.

தொண்ணூறுகளின் கடைசி. மைசூரில் ஒரு பித்தளைச் சாமான் கடையின் குடோன் என் பொறுப்பில் இருந்தது. மூட்டை இறக்குவதும் நான்தான். கதவுக்கான கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, குமிழ், இவைதான் சரக்கு. கொள்ளேகாலிலிருந்து வந்த நாள் முதல் அதே குடோன். கீலில் மட்டும் நாற்பது தினுசு இருக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான். எனக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம். "பெத்த புள்ளைங்க பொறந்த நாளு ஞாபகமில்லை, கீலு வந்த நாளு ஞாபகமிருக்குது" என்று என் மனைவி இடிப்பாள். உண்மைதான், பிள்ளைகள் பிறந்த நாள் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வெளிநாட்டு வியாபாரி ஒருவர் எங்கள் சரக்கு நானூறையும் படமாகக் கேட்டார். சனிக்கிழமை சாயங்காலக் கூரியரில் போகாவிட்டால் வேறு ஊரில் வாங்கிக்கொள்வாராம். முதலாளியின் மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். கன்னடத்துக்கு நடுவில் தமிழ் பேசுவாள். அவள்தான் மாடி அறையில் அந்த ஏற்பாட்டைச் செய்தாள். ஒரு மேஜை, இரண்டு விளக்கு, ஸ்டாண்டில் கேமரா, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் கேமரா தானே படம் எடுக்கும். படம் திரைக்கு வந்து தானே அடுத்த நம்பரைப் போட்டுக்கொள்ளும். குடோன் அடுக்கின் வரிசைப்படி சாமான்களின் பெயர்களை அவள் முன்பே நம்பரோடு அடித்து வைத்திருந்தாள். படத்தின் நம்பரும் பெயரின் நம்பரும் சேர்ந்தால் படத்துக்குக் கீழே பெயர் வந்துவிடும்.

படம் எடுக்க என்னை உட்காரச் சொன்னாள். முதலாளிக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை.

"எழுத்தே தெரியாத ஆளையா மெஷின்ல உக்கார வெக்கறே?"

"எழுத்து நான் பாத்துக்கறேன் மாமா. சாமான் தெரிஞ்சவர் அண்ணாதானே?"

"சரி. கெட்டுப்போச்சுன்னா மெஷினை வித்துடுவேன். இவர் மறுபடி மூட்டை தூக்கட்டும்."

என் இடுப்பு விட்டுப்போயிருந்த வருஷம் அது. மூட்டைக்குத் திரும்புவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

முதல் தொல்லை குமிழில் வந்தது. மினுக்கிய பித்தளை கண்ணாடி மாதிரி. படத்துக்குள் பனியனும் மீசையுமாக நானே நின்றேன். அதுவரை என்னை இரண்டு தடவைதான் படம் எடுத்திருந்தார்கள், கல்யாணத்துக்கு ஒன்று, ரேஷன் கார்டுக்கு ஒன்று. இரண்டிலும் கண் மூடியிருக்கும். இந்தக் குமிழில்தான் கண் திறந்திருந்தது! மருமகள் சிரித்துச் சிரித்து நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். நான் வீட்டுக்குப் போய்ப் பழைய மல் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து, சாமானைச் சுற்றிக் கூடாரம் மாதிரிக் கட்டி, கேமராவின் கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டேன். விளக்கு வெளிச்சம் வேட்டி வழியாகப் பாலாக இறங்கியது. குமிழில் என்னைக் காணோம்.

ஆறு நாள் எடுத்தேன். இடையில் கரண்ட் போகும். படம் கலங்கியிருந்தால் மறுபடி தட்டுவேன். மருமகள் அந்த வாரம் கடைக்கணக்கில் மாட்டிக்கொண்டதால் சனிக்கிழமை காலைதான் திரையைத் திறந்து பார்த்தாள்.

"அண்ணா, இது ஏனு? என்ன இது?"

"பிள்ளையாருங்க அம்மிணி."

"அது தெரியுது. மூணு அங்குலக் கீல்னு போட்ட இடத்துல எதுக்கு உக்காந்திருக்கார்?"

"மொதப் படத்துக்குக் கீலையா வெக்கறது? மஞ்சள்ல புடிச்சு, அருகம்புல் சொருகி, அவரைத்தான் மொதல்ல எடுத்தேனுங்க."

"தினமுமா?"

"தினமும் வேலை ஆரம்பிக்கறமே."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டருக்குச் சாமியும் ஒரு சாமான்தான். பிள்ளையாருக்கு ஒரு நம்பர் கொடுத்துவிட்டது. மறுநாள் இன்னொன்று. நான் இரண்டாவது தடவை தட்டிய படங்களுக்கும் நம்பர். கீல் இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளையார், தாழ்ப்பாள் இடத்தில் கீல்; போகப்போக எது எதுவென்றே தெரியாமல் எல்லாம் நழுவியிருந்தது. திரையில் நம்பர் என் கண் முன்னால்தான் ஓடியது. நான் படத்தைப் பார்த்தேனே தவிர நம்பரைப் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு முதலாளி மேலே வந்தார்.

"அவன் தாழ்ப்பாள் கேட்டா நீ மஞ்சள் உருண்டை அனுப்புவியா? மெஷினை மூட்டை கட்டுப்பா!"

"சாயங்காலம் வரைக்கும் குடுங்கய்யா. ஒவ்வொரு படமா நான் சொல்லறேன், அம்மிணி நம்பரை மாத்தட்டும்."

"நானூறையுமா?"

"நானூறையும்."

அவர் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே நின்றார். மருமகள் படத்தைத் தள்ளத் தள்ள நான் சொல்லிக்கொண்டு வந்தேன். "இடதுபக்கக் கீல், நாலு ஓட்டை. அதே கீல், வலது. இது ரெண்டாந்தடவை எடுத்தது, அழிச்சுப்போடுங்க." மத்தியானம் சோறு கொண்டுவந்தார்கள், தொடவில்லை. பாதியில் இரண்டு தாழ்ப்பாள் வந்தன. திரையில் இரண்டும் ஒரே அச்சு. எது முதலில் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"என்னப்பா, நின்னுட்டே?" என்றார் முதலாளி.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். அடுக்கிலிருந்து இரண்டையும் எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அடுக்கில் முதலில் இருந்ததன் தலையில் அரம் பட்ட கோடு இருந்தது. இரண்டு படங்களில் ஒன்றிலும் அந்தக் கோடு இருந்தது.

"இதுதானுங்க மொதல்ல."

முதலாளி அந்தத் தாழ்ப்பாளை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆறரைக்கு, "ஆய்து" என்றாள் மருமகள். முடிந்தது. படங்கள் ஏறிய சி.டி.யை முதலாளியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூரியர் ஆபீசுக்குப் போக ஸ்கூட்டரை உதைத்தார்.

திங்கட்கிழமை லாரியில் புதுச் சரக்கு வந்தது. மூட்டையை எடுக்கக் குனிந்தேன்.

"அதை வேற ஆள் எடுப்பான். நீ மேல போ" என்றார் முதலாளி.

மாடியில் மருமகள் காத்திருந்தாள். "சாமி கும்பிடுங்க அண்ணா, எவ்வளவு நேரம் வேணும்னாலும். ஆனா பட்டனைத் தட்டாதீங்க."

கும்பிட்டேன். வேட்டிக் கூடாரத்துக்குள் புதுக் கைப்பிடியை வைத்து, திரையின் அடியில் ஓடும் நம்பரை விரலால் தொட்டு, "நானூத்தி ஒண்ணு" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தட்டினேன்.