கோழிப்பண்ணை பல்பும் என் ஆன்டெனாவும்

வெளியூர்க்காரர்களோடு வானலையில் பேச நான் வைத்திருக்கும் ஹாம் ரேடியோவின் ஆன்டெனாவை நாளைக் காலையில் இறக்கப் போகிறார்கள். போர்வைக்குள் போனை ஒளித்து வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அப்பா பார்த்தால் போனும் போய்விடும்.

சாயங்காலம் பெரியப்பா தன் கோழிப்பண்ணை வாசலில் உட்கார்ந்து, கரகரக்கும் பேட்டரி ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஏஞ்சாமி, நீ பேசுனா எம்பட ரேடியோ கத்துது. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அந்தக் கம்பி?”

“நான் இன்னிக்குப் பேசவே இல்லீங்க பெரியப்பா. உங்க பண்ணை பல்புலதான் இரைச்சல் வருது. ஒரு நிமிசம் நிறுத்திப் பாருங்க.”

“வெளிச்சம் கொறஞ்சா முட்டை கொறையும். உனக்கோசரம் லைட்ட நிறுத்தோணுமா?”

அப்போதே கரண்ட் போனது. பல்புகள் எல்லாம் அணைந்தன. பெரியப்பாவின் ரேடியோவில் செய்தி தெளிவாகக் கேட்டது. அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார்.

“கேட்டீங்களாப்பா?” என்றேன்.

“பெரியவங்கள எதுத்துப் பேசறயா? காலைல மொத வேலையா கம்பிய எறக்கிப் போடறேன்,” என்றார் அப்பா.

வானலையில் பேசுவதற்கென்றே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவள் நான்.

பல்பின் இரைச்சலை அடக்க அதன் ஒயரில் மாட்டும் ஃபெர்ரைட் வளையம் என்னிடம் இருக்கிறது. பெரியப்பாவின் வாய்க்கு மாட்ட எந்த அளவு வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.