மைக்ரான் மாட்டிய ஆறு திருகுகள்

லேத்காரர் தன் மனைவியின் அண்ணனுக்கு நாற்பதாயிரம் கடன்பட்டிருந்தார். லேத் வாங்கிய கடன். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. ஆனால் இந்த முப்பதாம் தேதிக்குள் பணம் வராவிட்டால் லேத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று மச்சான் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகாத கை என்பதால் லேத்காரருக்குத் தெரு வைத்த பெயர் மைக்ரான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். பதினோரு வயதில் அடுத்தவன் பட்டறையில் இரும்புப் பிசிறு கூட்டினார். முப்பத்தெட்டில் சொந்தப் பட்டறை வைத்தார். யார் தயவும் இல்லாமல் வந்தேன் என்பார். அந்த நாற்பதாயிரம் மட்டும் அப்போது நினைவுக்கு வராது. “நம்ம கையை விட்டுப் போன பீஸ் திரும்பி வந்ததே இல்ல” என்று நாளைக்கு ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே வந்ததில்லை.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அணு உலைக் கூடத்து ஆய்வாளரம்மா வரைபடத்தோடு வந்தார். கடலைப்பருப்பு அளவில் ஒரு கறுப்புப் படிகம். அதை நியூட்ரான் கற்றைக்கு நடுவே பிடித்து நிறுத்த அலுமினியத்தில் ஒரு தாங்கி வேண்டும். கூலி ஐம்பத்திரண்டாயிரம்.

“நியூட்ரான்னா என்ன மேடம்?”

“கண்ணுக்குத் தெரியாத துகள்ணே. ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம். எல்லாத்தையும் ஒரே பக்கம் பாக்க வச்சு படிகத்துக்குள்ள அனுப்புவோம். வெளிய வரும்போது எது தலையைத் திருப்பிருக்கு, எது வேகம் குறைஞ்சு வருதுன்னு எண்ணுவோம். உள்ள இருக்கிற அணுவோட காந்தம் எப்படி ஆடுதுன்னு அதுல தெரிஞ்சிடும்.”

“போட்டோக்காரர் எல்லாரையும் இங்க பாருங்கன்னு நிறுத்துற மாதிரி.”

“அதேதான். படிகத்தைத் தவிர வேற எதுவும் அதுங்க தலையைத் திருப்பக் கூடாது.”

மூன்று நாளில் தாங்கி தயார். கண்ணாடி மாதிரி மினுங்கியது. வரைபடத்தில் ஆறு திருகும் அலுமினியம் என்று போட்டிருந்தது. அலுமினியத் திருகு மரை தேய்ந்து கழன்றுவிடும் என்று அவருக்குப் பட்டது. தன் டப்பாவிலிருந்த நல்ல எவர்சில்வர் திருகுகளை எடுத்து மாட்டினார். காசும் கேட்கவில்லை.

“படிச்சவங்களுக்குத் திருகைப் பத்தி என்ன தெரியும்?” என்றார் மனைவியிடம்.

“வரைஞ்சதைச் செய்யத்தானே கூலி?” என்றாள் அவள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இருபத்தேழாம் தேதி ஆய்வாளரம்மா கூப்பிட்டார். “அண்ணே, நேரா பாக்குறது இருபதுன்னா திரும்புறது ஒண்ணுதான் இருக்கணும். உங்க தாங்கியை வச்சா அஞ்சு திரும்புது. படிகமே இல்லாம வச்சாலும் அப்படித்தான். கற்றை எங்களுக்கு இன்னும் ரெண்டு நாள்தான். பில்லை நிறுத்தி வச்சிருக்காங்க.”

அந்த நேரம் பார்த்து மச்சான் டேப்போடு வந்து லேத்தின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார்.

“என்ன மச்சான் இது?”

“வண்டில ஏறுமான்னு பாக்குறேன், மாப்பிள்ளை. நீ பேசு, பேசு.”

பிசிறு பொறுக்க வைத்திருந்த பொடிக் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மைக்ரான் கூடத்துக்குப் போனார். கற்றையை மூடி, கதிர்வீச்சை அளந்து, தொடலாம் என்று சொன்ன பிறகே தாங்கி அவர் கைக்கு வந்தது. காந்தத்தை ஒரு தையல் நூலில் கட்டித் தொங்கவிட்டார். தாங்கியின் அலுமினியத் தகட்டோரம் கொண்டுபோனார். அசையவில்லை. திருகின் தலையருகே கொண்டுபோனார். காந்தம் மெல்லச் சாய்ந்து திருகை எட்டிப் பார்த்தது.

எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாதுதான். ஆனால் தலையை அடித்துச் செய்த திருகில் கொஞ்சம் ஒட்டல் வந்துவிடும். இருபத்தேழு வருடமாக அவருக்குத் தெரிந்த சங்கதி. தன் டப்பாத் திருகு என்பதால் சோதிக்கத் தோன்றவில்லை.

ஆய்வாளரம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூலை யாரும் பார்க்கவில்லை. உலோகத்தில் கோளாறு என்றால் நம்பிவிடுவார்கள். மைக்ரான் தொண்டையைச் செருமினார்.

“மேடம், தப்பு என்னுது. நீங்க அலுமினியம்னு போட்டீங்க. நான் ஒசத்தியா இருக்கட்டும்னு இதை மாட்டினேன்.”

ஆய்வாளரம்மா திரும்பி நூலைப் பார்த்தார், திருகைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “கோளாறு எங்க காந்தச் சுருள்லதான்னு நெனச்சு ரெண்டு வாரமா மூணு பேர் அதையெல்லாம் கழட்டி மாட்டிட்டு இருக்கோம்ணே.”

அன்றைக்கே ஆறு அலுமினியத் திருகு கடைந்தார். மரை ஒவ்வொன்றும் வெண்ணெய் மாதிரி இறங்கியது. மறுநாள் மாட்டியதும் திரையில் எண்கள் ஓடின. நேரே பார்ப்பது இருபத்திரண்டு, திரும்புவது ஒன்று. கூடத்தில் யாரோ கை தட்டினார்கள்.

“திருகுக் காசைப் பில்லுல கழிச்சுக்கோங்க மேடம்.”

“நீங்க அதுக்குக் காசே போடலையேண்ணே,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். “அடுத்த தாங்கியும் நீங்கதான். வரைஞ்சபடி.”

“வரைஞ்சபடியே” என்றார் மைக்ரான். வாழ்நாளில் முதல்முறை.

முப்பதாம் தேதி காலை மச்சான் வண்டியோடு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். கூட இரண்டு சுமைக்காரர்கள், ஒரு தாம்புக்கயிறு.

“வண்டி வாடகை யாரு தலையில மச்சான்?”

“உன் தலையிலதான், மாப்பிள்ளை.”

“லேத் வரல. கையை நீட்டுங்க.”

மச்சான் நம்பாமல் தங்கையைப் பார்த்தார். “நீட்டுண்ணா, கடிக்க மாட்டார்” என்றாள் அவள். மச்சான் கையை விரித்தார். மைக்ரான் விரலை நனைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும் குரலில், ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் வைக்க ஆரம்பித்தார். சுமைக்காரர்களும் கூடவே எண்ணினார்கள். எண்பதாவது ஐந்நூறு விழும்போது மச்சானின் கட்டைவிரல் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது.